மாவுப் பனிக்கு எந்தப் பலகை?

சென்ற இதழில் குளிர்நாடு செல்லும் நம்மவர் கொண்டுபோகவேண்டிய கம்பளி உடைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த சகோதரி ஒருவர் கனடாவிலுள்ள கால்கரி நகரிலிருந்து கடிதம் விடுத்திருக்கிறார். அவரும் அவர்தம் கணவரும் மருத்துவமனையில் இரவுப்பணி பார்ப்பவர்கள். மகனுக்கு வயது பதினேழு. ‘ராக்கர்’ வைத்த ‘பவுடர் ஸ்கீ’ வாங்கித் தந்தாலன்றி ஆகாது என்று பையன் இரண்டு மாதமாக வீட்டில் சத்தியாக்கிரகம் நடத்துகிறானாம். பூட்டுக்கருவியையும் சேர்த்தால் விலை ஆயிரம் டாலரைத் தொடுகிறதாம். “அண்ணாச்சி, கம்பளி வரைக்கும் வந்துவிட்டீர்கள். இதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். இது தேவைதானா, அல்லது பிள்ளை எங்கள் தலையில் மிளகாய் அரைக்கிறானா?” என்று கேட்டிருக்கிறார்.

பனச்சமூட்டில் உட்கார்ந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றி எழுதுவதைக் கண்டு ஊரார் நகைப்பர் என்பதை அறிவேன். எங்கள் சந்தையில் மீன்பெட்டிக்குள் கிடக்கும் ஐஸ்கட்டியன்றி வேறு பனியைக் கண்டவர் அரியர். மார்கழியில் ரப்பர்த் தோட்டங்களின்மேல் காலை வேளையில் கவிந்து நிற்கும் மூடுபனியையே பெருங்குளிர் என்று கருதி, தலையில் துண்டைச் சுற்றிக்கொள்ளும் ஊர் இது. எனினும் இக்கடிதத்தை ஒதுக்கிவைக்க என்னால் இயலவில்லை. காரணம் இரண்டு. 2023 பிப்ரவரியில் காசுமீரத்துக் குல்மார்க்கில் மூன்று நாள் பனியில் விழுந்து எழுந்தவன் நான் என்பது ஒன்று. மற்றொன்று என் அக்காள் மகனைப் பற்றியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மருமகன் 2019-இல் ஆல்பர்ட்டா மாநிலத்துக்குச் சமையற்காரனாகச் சென்றான். முதற் குளிர்காலத்திலேயே உடன் வேலைபார்ப்பவர்கள் அவனை மலைக்கு அழைத்துச் சென்றார்கள். வாடகைப் பலகையில் தட்டுத்தடுமாறிச் சறுக்கக் கற்றுக்கொண்டான். அதன்பின் கைப்பேசியில் படம் பார்க்கும் நோய் பற்றிக்கொண்டது. இடுப்பளவு வெண்பனியில் வீரர்கள் புகைபோல் பனியைக் கிளப்பிக்கொண்டு மிதந்து வரும் படங்கள் அவை. அவர்கள் காலில் இருந்தது போன்ற பலகையே தனக்கும் வேண்டும் என்று 2022 சனவரியில் பழைய பலகை ஒரு சோடி வாங்கினான். நடு அகலம் 122 மில்லிமீட்டர். நுனி முதல் வால் வரை தொட்டிற்கட்டை போல் வளைந்தது. அதில் ஏற்கெனவே பொருத்தியிருந்த பூட்டுக்கருவி, விற்றவனுடைய எடைக்கும் திறமைக்கும் ஏற்ப முறுக்கி வைக்கப்பட்டது. விற்றவன் இவனைப் போல் ஒன்றரை மடங்கு எடையுள்ள ஆள்.

அவன் அதனை மாட்டிக்கொண்டு மலையேறிய நாளில் புதுப்பனி பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. சரிவு முழுவதும் சிமெண்டுத் தரைபோல் இறுகிக் கிடந்தது. முதல் வளைவில் பலகை பிடிக்கவில்லை. இரண்டாவது வளைவில் பக்கவாட்டில் வழுக்கியது. மூன்றாவது வளைவில் கீழே விழுந்தபோது இடக்காற் பலகை கழன்று விடவேண்டும், கழலவில்லை. கால் ஒரு பக்கமும் பலகை ஒரு பக்கமும் திரும்பின. முழங்கால் மூட்டினுள் குறுக்காக ஓடும் தசைநார் அறுந்துபோயிற்று. அறுவைச் செலவை அந்நாட்டு அரசின் காப்பீடு ஏற்றது உண்மையே. ஆனால் நின்றுகொண்டே வேலை செய்யும் சமையற்காரனுக்கு ஐந்து மாதக் கூலியை யார் தருவார்? இங்கே அக்காள் வீட்டின் மேற்றளம் கம்பி கட்டிய நிலையில் ஒரு மழைக்காலம் முழுவதும் நனைந்து கிடந்தது. “பணம் வர ஏன் தாமதம்?” என்று அவள் என்னைக் கேட்டபோதெல்லாம் நான் வங்கியின்மேல் பழிபோட்டேன். “அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் மாமா” என்று அவன் வாக்கு வாங்கியிருந்தான்.

நிற்க. அந்தப் பலகை கெட்ட பலகையா? அன்று. அது தனக்குரிய பனியில் மிக நல்ல பலகை. தவறான பனிக்கு அதனைக் கொண்டுபோனதுதான் பிழை. இதனை விளங்கிக்கொள்ளப் பலகையின் உடலமைப்பைச் சற்று அறியவேண்டும்.

பழைய வழக்கத்துப் பலகையொன்றைச் சமதரையில் வைத்துப் பாருங்கள். அதன் நடுப்பகுதி வில்லைப்போல் மேலெழும்பி நிற்கும். நுனிக்கு அருகிலும் வாலுக்கு அருகிலும் மட்டுமே தரையைத் தொடும். இதற்குக் கேம்பர் என்று பெயர். ஆள் ஏறி நின்றதும் வில் அமுங்கி, அவனது எடை பலகையின் இரு கோடிகளுக்கும் பரவுகிறது. பலகையின் ஓரத்தில் பதித்த எஃகு விளிம்பு முழுநீளத்துக்கும் இறுகிய பனியைக் கவ்விக்கொள்கிறது. ராக்கர் என்பது இதற்கு நேர்மாறு. சாய்ந்தாடும் நாற்காலியின் அடிக்கட்டையை நினைவில் கொள்க. நடுப்பகுதி தரையில் படிந்திருக்க, நுனியும் வாலும் முன்கூட்டியே மேல்நோக்கி வளைந்துவிடும். சமதரையில் அது தொடும் நீளம் குறைவு. எனவே திருப்புவது எளிது. பிடிமானமும் அந்த அளவிற்குக் குறைவு.

இந்த வளைவு எதற்காக என்று நம் ஊர்க்காரருக்கு விளக்குவது கடினமன்று. நாஞ்சில் நாட்டு வயலில் பரம்படிப்பதைக் கண்டிருப்பீர்கள். முழங்கால் புதையும் சேற்றில், ஆளை ஏற்றிக்கொண்டு அகலப் பலகை புதையாமல் வழுக்கிச் செல்லும். அதன் முன்விளிம்பு சற்றுக் கீழ்நோக்கிவிட்டால் போதும், சேற்றை அள்ளிக்கொண்டு நின்றுவிடும். பொழியூர், நீரோடிக் கரைகளில் பழைய நாளில் அலையை எதிர்த்துக் கட்டுமரம் தள்ளியவர்களும் இதனை அறிவர். மரத்தின் முன்கோடி மேல்நோக்கி வளைந்திராவிட்டால் அது அலையின்மேல் ஏறாது, அலைக்குள் குத்திக்கொள்ளும்.

புதிதாகப் பெய்த உலர்ந்த பனி சேற்றையும் நீரையும் விட இலேசானது. ஒரு கனமீட்டர் நீரின் எடை 1000 கிலோ. அதே அளவு மாவுப் பனி 50 முதல் 100 கிலோவே இருக்கும். எஞ்சிய இடமெல்லாம் காற்று. அதன்மேல் நிற்க அகலமும் வேண்டும், முன்கோடி எழும்பியும் இருக்கவேண்டும். கனடாவிற் பிறந்த ஷேன் மெக்காங்கி என்னும் சறுக்கு வீரர் இதனைக் கண்டுகொண்டது நீரைப் பார்த்தே. ஆழ்பனி நீரைப் போல் நடந்துகொள்கிறதென்றால், நீர்ச்சறுக்குப் பலகையைப் பனிக்கு ஏன் கொண்டுவரக்கூடாது என்று எண்ணினார். நீர்ச்சறுக்குப் பலகையிலேயே பனிப் பூட்டுக்கருவியைப் பொருத்தி அலாஸ்கா மலையில் சறுக்கிப் பார்த்தார். அந்த எண்ணத்திலிருந்து 2002-இல் வோலண்ட் நிறுவனத்தின் ‘ஸ்பாட்டுலா’ என்னும் பலகை விற்பனைக்கு வந்தது. தோசைக் கரண்டி என்று பொருள்படும் பெயர். உருவமும் ஏறத்தாழ அதுவே. நடு அகலம் 125 மில்லிமீட்டர். முழுவதும் தலைகீழ் வளைவு. பார்த்தவர் முதலில் நகைத்தனர். சில ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் அனைத்தும் ஏதோ ஒரு அளவில் ராக்கரை ஏற்றுக்கொண்டன. மெக்காங்கி 2009-இல் இத்தாலிய மலையில் பாராசூட்டுடன் சறுக்கிக் குதித்தபோது உயிரிழந்தார். கழன்றிருக்கவேண்டிய பலகை உரிய நேரத்தில் கழலாமற் போனதே அதற்குக் காரணம் என்பதைப் படித்தபோது, மருமகனின் முழங்கால் என் நினைவுக்கு வந்தது.

இனி குல்மார்க். நாங்கள் அலுவலக நண்பர் நால்வர் பாஸில் புறப்பட்டோம். திருவனந்தபுரத்தில் ஹிம்சாகர் வண்டியில் ஏறி, மூன்று இரவு கழித்துச் சம்முவில் இறங்கினோம். அங்கிருந்து பானிஹால் வரை பேருந்து. பானிஹாலிலிருந்து சீநகருக்கு மீண்டும் இரயில். 2023-இல் இடையிலுள்ள பாதை முடிவடையவில்லை. 2025 சூன் 6 முதல் கட்ராவிலிருந்து சீநகர் வரை வண்டி ஓடுகிறது. செனாபு பாலத்தைக் கடந்து செல்லும் அப்பாதையை இன்னும் நான் காணவில்லை என்பது, டிக்கெட்டு எழுதிப் பிழைக்கும் எனக்கு ஒரு குறையே. சீநகரிலிருந்து தங்மார்க் வழியாக மலையேறினால் குல்மார்க். ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள புல்வெளி, அப்போது கண்கூசும் வெண்மையாயிருந்தது.

அங்கே தொங்கூர்தி இரண்டு கட்டங்களாகச் செல்கிறது. 1998-இல் அமைந்த முதற் கட்டம் கோங்தூரி வரை. 2005-இல் அமைந்த இரண்டாம் கட்டம் அபர்வாட் மலைத்தோள் வரை, 3,900 மீட்டருக்கும் மேலே. மேலை நாட்டு ரிசார்ட்டுகளில் இரவுதோறும் இயந்திரம் ஓட்டிச் சரிவுகளைப் பாய்போல் சமப்படுத்தி வைப்பார்கள். குல்மார்க்கில் அவ்வாறு சமப்படுத்திய சரிவுகள் சிலவே. அபர்வாட்டின் பெரும்பகுதி இயற்கை விட்டபடியே கிடக்கும் ஆழ்பனி. ஆகவேதான் உலகின் பல மூலைகளிலிருந்தும் அகலப் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு ஆட்கள் வருகிறார்கள். அங்குள்ள வழிகாட்டிகளின் காலிலும் நான் கண்டவை பெரும்பாலும் அகலமான, முன்கோடி நன்கு வளைந்த பலகைகளே.

எனக்குக் கிடைத்தது வாடகைக் கடையின் மூலையிலிருந்த ஒடுக்கமான பழைய பலகை. புல்வெளியின் சிறு சரிவில், மிதித்து இறுகிய பாதையில் அது சொன்னபடி கேட்டது. பாதையை விட்டு ஓரத்துப் புதுப்பனியில் இறங்கியதுதான் தாமதம். முன்கோடி இரண்டும் உள்ளே புகுந்து, நான் முகங்குப்புற விழுந்தேன். மூக்கு, காது, கழுத்துப்பட்டை எங்கும் பனி. சறுக்குவண்டி இழுக்கும் பையன்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். மறுநாள் வழிகாட்டி இளைஞர் ஒருவர் இரக்கப்பட்டு, 110 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ராக்கர் பலகை ஒன்றைக் கொடுத்தார். அதே ஓரம், அதே பனி. இம்முறை முன்கோடி தானாக மேலெழுந்தது. கீழே தரை இருப்பதாகவே தோன்றவில்லை. ஐம்பது அடி தூரந்தான் சென்றிருப்பேன். ஆயினும் அந்தச் சகோதரியின் மகன் ஏன் சத்தியாக்கிரகம் செய்கிறான் என்பது அந்த ஐம்பதடியில் எனக்கு விளங்கிவிட்டது.

பிற்பகலில் அதே பலகையுடன் இறுகிய பாதைக்குத் திரும்பினேன். முன்கோடிகள் கிழட்டு மாட்டுவண்டிச் சக்கரம்போல் படபடவென்று அடித்தன. சாய்க்க முயன்றால் முழங்கால்தான் வலித்தது, பலகை சாயவில்லை. பலகை அகன்றால் அதனை விளிம்பின்மேல் நிறுத்த முழங்கால் கூடுதலாக உழைக்கவேண்டும். மருமகனுக்கு நேர்ந்தது எப்படி என்பதும் அன்றே எனக்கு விளங்கிற்று.

நாங்கள் போவதற்குச் சில நாட்களுக்கு முன், பிப்ரவரி 1 அன்று, அபர்வாட்டில் பனிச்சரிவு ஏற்பட்டுப் போலந்து நாட்டவர் இருவர் மாண்டிருந்தனர். ஊரெங்கும் அதே பேச்சு. மறு ஆண்டு 2024 பிப்ரவரி 22 அன்றும் அங்கே பனிச்சரிவில் இரசிய நாட்டவர் ஒருவர் உயிரிழந்தார். அவர்கள் பழக்கமற்ற சிறுவர்கள் அல்லர். மாவுப் பனியைத் தேடிச் செல்லும் பலகை, சமப்படுத்திய சரிவைவிட்டு அப்பாற் செல்லவும் ஆசை காட்டுகிறது. வழிகாட்டி இளைஞர் என்னிடம் சொன்னது: “பலகை மிதக்கும் அண்ணா, மலை மிதக்காது.” அவர் இந்தியில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

குளிர் விளையாட்டு நம்மவர்க்கு ஆகாது என்று சொல்வோரும் உண்டு. அவர்களுக்காக ஒன்று கூறி மேலே செல்கிறேன். தலசேரிக்காரத் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் மகனாக மணாலிப் பக்கம் வளர்ந்த சிவ கேசவன், 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் லூஜ் வண்டியோட்டினார். 2022-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்கு இந்தியாவிலிருந்து சென்ற ஒரே வீரர் ஆரிஃப் கான், குல்மார்க் சரிவுகளில் சறுக்கி வளர்ந்தவர். கால்கரிப் பிள்ளையின் ஆசையை அதனால் நான் குறைசொல்லேன். எந்தப் பலகை என்பதே கேள்வி.

சகோதரி, முதலில் மகனிடம் பலகையைப் பற்றிக் கேட்காதீர்கள். நாட்களைப் பற்றிக் கேளுங்கள். ஒரு குளிர்காலத்தில் எத்தனை நாள் மலைக்குப் போகிறான்? அவற்றுள் முதல் நாள் இரவு பனி கொட்டிய நாள் எத்தனை? பள்ளி விடுமுறையில் மட்டும் போகிறவனுக்கு வானம் நாள்பார்த்துப் பெய்யாது. பெய்த நாளிலும் நிலைமை என்ன? காலை ஒன்பது மணிக்கு நாற்காலி வண்டி ஓடத் தொடங்கினால், கூட்டமுள்ள ரிசார்ட்டில் பத்தரை பதினோரு மணிக்குள் நல்ல சரிவெல்லாம் உழுத வயலாகிவிடும். பிற்பகலில் கட்டியும் மேடுமாய்க் குலைந்த பனி. மாலையில் கீழே இறங்கும் பாதை மழமழவென்று இறுகிக் கிடக்கும். ஆக, மாவுப் பனி நாளிலும் மிதப்பது இரண்டு மணி நேரம். எஞ்சிய நான்கு மணி நேரம் வேறு பனி. கைப்பேசிப் படங்களில் அந்த நான்கு மணி நேரத்தை எவரும் காட்டுவதில்லை.

கால்கரிக்கு அருகிலுள்ள பான்ஃப் பக்கத்து மலைகளில் பனி உலர்ந்தது. ஆனால் பசிபிக் கடலோர மலைகளைப் போல் மிகுதியாகக் கொட்டுவதன்று. அங்கே ஒரே சோடியை வைத்துக்கொண்டு காலந்தள்ளும் இளைஞனுக்கு 95 முதல் 102 மில்லிமீட்டர் வரையுள்ள நடு அகலம் பொருந்தும் என்பது என் கருத்து. இன்னும் தடுமாறுகிறவன் என்றால் 90-ஐ ஒட்டி இருப்பினும் குறைவில்லை. 110-க்கு மேற்பட்டவை இரண்டாவது சோடியாக வைத்துக்கொள்ளத் தக்கவை. ஒரே சோடியாக வைத்துக்கொள்ளத் தக்கவை அல்ல. பலகையின்மேல் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். முன்கோடி, நடு, வால் ஆகியவற்றின் அகலம் அவை. நடுவிலிருப்பதே நாம் பார்க்கவேண்டியது.

வளைவைப் பொறுத்தவரை, முன்கோடியில் தெளிவான ராக்கர், காலடியில் கேம்பர், வாலில் சிறிதளவு ராக்கர் என்று மூன்றும் கலந்த பலகையே ரிசார்ட்டுக்கு ஏற்றது. கடைக்காரர் வாய்மொழியை நம்பவேண்டுவதில்லை, கண்ணாலேயே காணலாம். இரு பலகைகளின் அடிப்புறங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து நிமிர்த்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் அது கேம்பர். கையால் நடுவை அழுத்தி ஒட்டச் செய்யுங்கள். இப்பொழுது முன்கோடிப் பக்கம் எந்த இடத்திலிருந்து பலகைகள் பிரிந்து விலகுகின்றன என்று பாருங்கள். அங்கேதான் ராக்கர் தொடங்குகிறது. அழுத்தாத நிலையிலேயே நடு ஒட்டி, இரு கோடியும் விரிந்து நின்றால் அது என் மருமகன் வாங்கியது போன்ற பலகை.

நீளத்தில் ஒரு சூது உண்டு. பழைய பலகையை நாடி முதல் நெற்றி வரை உயரம் வைத்து அளப்பர். ராக்கர் பலகையில் கோடிகள் தரையைத் தொடாமையால், அதே நீளத்தில் வாங்கினால் பிடிக்கும் விளிம்பு குறைந்துபோகும். ஆகவே ஓரளவு பழகியவன் நெற்றியளவோ தலையளவோ எடுக்கலாம். மிகவும் இலேசான பலகையைக் கையில் தூக்கிப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. அது தூய பனியில் இன்பந்தரும். பிற்பகலில் குலைந்த பனியில் ஆளைத் தூக்கித் தூக்கி எறியும். சற்று எடையுள்ள பலகை அங்கே அமைதியாகச் செல்லும்.

இவ்வளவும் பலகையைப் பற்றி. உண்மையைச் சொன்னால் பணத்தை முதலில் போடவேண்டிய இடம் பலகையன்று, பூட்ஸ். கால் உள்ளே அசையும் பூட்ஸை மாட்டிக்கொண்டு எந்தப் பலகையையும் திருப்ப முடியாது. பதினேழு வயதில் பையனின் பாதம் பெரும்பாலும் வளர்ந்து முடிந்திருக்கும். நல்ல கடையில் அளந்து பொருத்தி ஒரு சோடி பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். பலகையை இந்த ஆண்டு வாடகைக்கு எடுக்கட்டும். பெரும்பாலான மலைகளில் புதிய பலகைகளையே பரிசோதனைக்கு வாடகைக்குத் தருகிறார்கள். காலையில் ஒன்று, பிற்பகலில் வேறொன்று என்று மாற்றிக்கூடப் பார்க்கலாம். சில கடைகளில் வாங்கும்போது அந்த வாடகையை விலையில் கழித்துக்கொள்கிறார்கள். பங்குனி, சித்திரையில் பருவம் முடியும்போது விலை இறங்கும். அப்போது எது வேண்டும் என்பதைப் பையனும் அறிந்திருப்பான்.

பூட்டுக்கருவியை மட்டும் வீட்டில் எவரும் தொடவேண்டாம். ஆளின் எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸ் அடியின் நீளம் ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கழலும் அளவை வைப்பவர் கடையிலுள்ள தொழில் பயின்றவர். ‘நான் நன்றாகச் சறுக்குவேன்’ என்று பையன் பெருமையடித்துக்கொண்டால் அளவு கூடும். கூடினால் கழலவேண்டிய நேரத்தில் கழலாது. ஆகவே அவ்விடத்தில் தாயார் உடனிருப்பது நலம். கழன்றுவிட்டால் மட்டும் முழங்கால் தப்பிவிடும் என்று உறுதி கூறவும் இயலாது. இக்கருவி பெரிதும் காலெலும்பைக் காக்கவே வகுக்கப்பட்டது. ஆயினும் பிறர்க்கு வைத்த அளவில் ஏறிச் சறுக்குவது, அடுத்தவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியோட்டுவதை ஒக்கும். கருவியின் இருபுறமும் தொங்கும் தடைக்கம்பிகள் பலகையின் நடு அகலத்தைவிடச் சற்று அகன்றிருக்கவேண்டும். ஒடுங்கியிருந்தால் பலகைமேல் உரசும், மிக விரிந்திருந்தால் சாயும்போது பனியில் மாட்டும். பூட்ஸ் அடியின் வகையும் கருவிக்கு ஒத்துவரவேண்டும். பழைய சோடி வாங்குவோர் இவற்றைக் காட்டாமல் பணம் கொடுக்கவே கூடாது.

கயிறு கட்டி மூடிய இடத்துக்கு அப்பால் போகலாகாது என்பதைப் பையனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ரிசார்ட்டின் எல்லைக்குள்ளேயே வேறொரு ஆபத்தும் உண்டு. பெரிய ஊசியிலை மரங்களின் அடியில், தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே, இறுகாத பனி கிணறுபோல் குழிந்திருக்கும். தலைகீழாக அதில் விழுந்தவன் தானே எழுவது அரிது, மூச்சு முட்டிவிடும். மாவுப் பனி நாளில் மரங்களுக்கிடையே தனியே போகாமல், கண்ணுக்கெட்டும் தொலைவில் துணையுடன் போகவேண்டும். தலைக்கவசத்தைப் பற்றி நான் சொல்லவேண்டுவதில்லை. தாங்கள் மருத்துவமனையில் இருப்பவர்.

மருமகன் இரண்டு குளிர்காலம் மலைப்பக்கமே போகவில்லை. அதன்பின் மெல்லத் தொடங்கினான். இப்போது வாடகைக்கு எடுப்பது 96 மில்லிமீட்டர். முன்கோடியில் ராக்கர், காலடியில் கேம்பர். அந்த 122-ஐ விற்கவில்லை. விற்றால் வேறொருவன் முழங்கால் போகுமே என்று அறைச் சுவரில் சாத்தி, அதன்மேல் துணி உலர்த்துகிறானாம்.

இந்த இதழ் அக்காள் வீட்டுக்கும் வருகிறது. ஆகவே இதை எழுதுமுன் அவனைத் தொலைபேசியில் அழைத்து, “நீயே சொல்லிவிடு, இல்லையேல் அச்சில் பார்ப்பாள்” என்றேன். சொல்லிவிட்டான். அக்காள் அவனிடம் அழுதாள். என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தனுப்பினாள். தூக்குப் பாத்திரத்தைத் திரும்பக் கொடுக்கப் போனபோது, “வங்கிக்காரன்மேல் எவ்வளவு பழி போட்டாயடா” என்று மட்டும் சொன்னாள்.

கால்கரிச் சகோதரி பையனின் உயரம், எடை, சென்ற ஆண்டு மலைக்குப் போன நாட்களின் தொகை, அவன் விரும்பும் பலகையின்மேல் அச்சிட்டுள்ள மூன்று எண்கள் ஆகியவற்றை எழுதியனுப்பினால், இங்கிருந்தே பார்த்து மறுமொழி விடுப்பேன். இயன்றால் பையனே எழுதட்டும். தமிழில் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி.